வேண்டாவின் இங்கிலீஷ் நோட்டு

வேண்டாவுக்கு மேலே மூன்று பெண்கள். நான்காவதும் பெண்ணாகவே பிறந்ததும், இந்த வீட்டுக்கு இனிப் பெண் போதும் என்று சாமிக்குத் தெரியட்டும் என அந்தப் பெயரை வைத்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் தெருவில் மட்டும் அவளோடு சேர்த்து மூன்று வேண்டாக்கள். மறுவருஷம் தம்பி முனிசாமி பிறந்தான். பெயர் பலித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகாவது அவள் பெயரை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய்விடுவாள். தம்பியைப் பள்ளிக்கு அனுப்பவும் உலை வைக்கவும் வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. வேண்டா அழவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தில் மட்டும் பாதிதான் நடத்தியிருந்தார்கள். மீதிப் பாதியில் என்ன இருந்திருக்கும் என்பது அவளுக்கு வெகுநாள் வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு கல்யாணம். புருஷன் லோகு இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறவன். ஒரே மகள் அனு. கடலில் வலை வெறுமனே வரும் மாதங்கள் அதிகமானபோது, வேண்டா பஸ் ஏறி மாமல்லபுரத்துக்கு வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. இப்போது நாற்பத்து மூன்று.

சிவப்பிரகாசத்தின் கற்சிலைக் கடை கடற்கரைக்குப் போகும் தெருவில் இருக்கிறது. உள்ளே விலை பேச முதலாளியின் மச்சான் பார்த்திபன். வெளியே தார்ப்பாய் நிழலில் வேண்டா. அவள் முன்னால் ஒரு டப்பில் தண்ணீர், உப்புத்தாள் துண்டுகள், பாதி வேலை முடிந்த மாக்கல் யானைகள். வருகிறவர் கையில் ஒரு யானையையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் கொடுத்து, தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கச் சொல்வாள். ஐந்து நிமிஷம் தேய்த்தால் சாம்பல் பூத்த கல்லுக்குள்ளிருந்து பச்சையோ செம்பழுப்போ எழும்பி வரும். தன் கையால் வழவழப்பாக்கிய யானையை அப்படியே வைத்துவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அந்த யானை உள்ளே விலை கேட்கப் போகும். பின்னாலேயே ஒரு புத்தர் தலையும் நந்தியும் விற்றுப்போகும். இந்த வழியைக் கண்டுபிடித்தது வேண்டாதான். முதலாளி அதைத் தன் யோசனை என்று மற்றக் கடைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். அவள் காதிலும் அது விழும். கேட்காதவள்போல டப்பில் தண்ணீரை மாற்றுவாள்.

அவளுக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். முகத்தைப் பார்க்கமாட்டாள் என்று நினைப்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாள். யார் வாங்க வந்தவர், யார் வெயிலுக்கு ஒதுங்கியவர், எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் விலைச் சீட்டைப் புரட்டுகிறான் என்பதெல்லாம் அவளுக்கு ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரப் பெண் அவள் பெயரைக் கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டாள். வேண்டா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நோ, தேங்க்யூ” என்றாள். தன்னோடு பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். எதிரில் பாசிமணி விற்கும் குப்பம்மா இதை ஒரு மாதம் விடவில்லை.

“ஏ நோ தேங்க்யூ, டீ சொல்லட்டா, வேணாமா?”

“சும்மா இரு யக்கா.”

“இன்னாடி சும்மா இரு? ஒங்கப்பன் அப்பவே இங்கிலீசுல வெச்சிருந்தா நீ இந்நேரம் லண்டன்ல இருப்ப.”

அன்று சாயங்காலம்தான் வேண்டா நோட்டுப் போட்டாள். அனு பள்ளியில் பாதி எழுதிவிட்டுப் போட்டிருந்த நீள நோட்டு. கேட்ட வார்த்தையைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொள்வாள். அர்த்தத்தை யாரிடமும் கேட்கமாட்டாள்; கேட்க வாய் வராது. அதற்குப் பதிலாக அந்த வார்த்தை வந்தபோது முகம் எப்படி இருந்தது, கையில் என்ன இருந்தது என்று பார்த்து, வார்த்தைக்குப் பக்கத்தில் அந்தப் பொருளை எழுதி வைப்பாள். பொருளைப் பார்த்தால் முகம் ஞாபகம் வரும். முகம் ஞாபகம் வந்தால் அர்த்தம் வந்துவிடும். கல்லுக்கு ஒரு பக்கம், நிறத்துக்கு ஒரு பக்கம், வயிற்றுக்கோளாறுக்கு ஒரு பக்கம் என்று நோட்டு நிறைந்தது.

நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடப்பக்கம், பொருளைப் பறிகொடுத்தவர்கள் சொன்னவை. கடற்கரையில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது: நிக்டு – போன். லாட்ஜ் வாசலில் ஒரு கிழவர் சொன்னது: பின்ச்டு – தொப்பி. அந்தத் தொப்பியை எடுத்தது மலைமேல் இருக்கும் குரங்கு. ஸ்வைப்டு – கறுப்புக் கண்ணாடி. லிஃப்டடு – பர்ஸ். ராப்டு – கேமரா. வலப்பக்கம், மலிவாக வாங்கிக்கொண்டு சிரித்தவர்கள் சொன்னவை. பார்கெயின் – யானை – 450. ஸ்னிப் – மெழுகுவத்தி ஸ்டாண்டு – 200. டர்ட் சீப் – நந்தி – 350. கிவ்அவே – புத்தர் தலை – 900. திருடுவதைச் சொல்லும் ஸ்டீல் என்ற வார்த்தை மட்டும் இரண்டு பக்கத்திலும் வந்தது. காதில் தப்பாக விழுந்ததோ என்று முதலில் அடித்தாள். அடித்த பிறகு, நாமும்தான் கொள்ளை மலிவு என்கிறோம், யாரைக் கொள்ளையடித்து அந்த மலிவு என்று யாராவது கேட்கிறோமா என்று நினைத்து, இரண்டு இடத்திலும் மறுபடி எழுதினாள்.

இப்படிச் சேர்ந்த இங்கிலீஷ்தான் கடையில் அவளுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது. பார்த்திபன் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவதோடு சரி. விலையைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால், வேண்டா கீழே குனிந்தபடியே, “வெரி குட் பார்கெயின், மேடம்” என்பாள். அவர்கள் திரும்பி நிற்பார்கள்.

போன கார்த்திகையில் முதலாளி ஒரு செய்தி சொன்னார். கோவளத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கும் ஒரு ரிசார்ட்டுக்குள் அவருக்குச் சின்னதாக ஒரு கடை கிடைத்திருக்கிறது. பொங்கல் கழித்துத் திறப்பு.

“அங்க நீதான் இருக்கணும், வேண்டா. பார்த்திபன் வந்தா வந்த ஆளும் ஓடிப்பூடும். ஏசி ரூமு. நாற்காலி போட்டு ஒக்காந்துகினு யாவாரம் பாக்கலாம்.”

“நானா மொதலாளி?”

“பின்ன எதுர்க் கடை குப்பம்மாவா? நல்லதா நாலு பொடவ எடுத்து வெச்சிக்கோ.”

பதினாறு வருஷமாகத் தார்ப்பாய்க்குக் கீழே முக்காலியில் குனிந்து உட்கார்ந்தவள். இடுப்பு போய்விட்டது. கையெல்லாம் கல்மாவு ஏறித் தோல் வெடித்திருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது, முதுகு சாய்கிற மாதிரி ஒரு நாற்காலியை அவள் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். லோகுவிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. “ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் ஆச்சரியமாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அனு தன் சம்பளத்தில் அம்மாவுக்கு இரண்டு புடவை எடுத்து வந்தாள். ஒன்று நீலம், ஒன்று அரக்கு.

தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம். அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாளும் அவள் புருஷனும் வந்தார்கள். அந்த அம்மாள் ஆசையாகக் கீழேயே உட்கார்ந்து யானை தேய்க்க ஆரம்பித்தாள். விரலில் ஒற்றைக்கல் மோதிரம் இருந்தது. அதில் கல்மாவு ஏறுகிறது என்று கழற்றி டப்பின் விளிம்பில் வைத்தாள். வேண்டா பதறிப்போய், “பேக், மேடம், பேக்” என்று கைப்பையைக் காட்டினாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மோதிரத்தை எடுத்து, பைக்குள் இருந்த மஞ்சள் உறை ஒன்றில் போட்டு மூடினாள். வேண்டா அதைப் பார்த்தாள். யானை போயிற்று, கூடவே பெரிய பிள்ளையார் ஒன்றும் போயிற்று.

இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் கைப்பையை வேண்டாவின் முன்னால் கவிழ்த்துக் கொட்டினாள். பாஸ்போர்ட், மருந்து, சீப்பு, பணம். மஞ்சள் உறை இல்லை. விரலைக் காட்டி, டப்பைக் காட்டி, வேண்டாவைக் காட்டி வேகவேகமாகப் பேசினாள். தெருவில் ஆள் கூடிவிட்டது. முதலாளி வெளியே வந்தார்.

“இன்னா சொல்றாங்க இவுங்க?”

கடையில் அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

“மோதரத்தக் காணமாம், மொதலாளி. யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க.”

“யாரு?”

வேண்டா டப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நானு.”

பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினாள். “யெல்லோ, மேடம். ஸ்மால் யெல்லோ. யூ புட். ஐ ஸீ.” மஞ்சள் உறையைக் கையால் வரைந்து காட்டினாள். அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை. அவள் புருஷன், என்ன உறை, எங்கே உறை என்று அதட்டினார். வேண்டா வருஷக்கணக்காகச் சேர்த்த நோட்டில் விற்ற சாமானுக்கும் போன சாமானுக்கும் வார்த்தை இருந்தது. என்னை நம்புங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை அதில் இல்லை. அதை யாரும் அவள் கடை வாசலில் சொல்லிக் கேட்டதில்லை.

“பையக் கொண்டா” என்றான் பார்த்திபன்.

அவளே எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டு டப்பா, துண்டு, பஸ் சில்லறை, நோட்டு. பார்த்திபன் நோட்டைப் புரட்டினான். நடுப்பக்கம் வந்ததும் நின்றான். இடது பக்கத்தை ஒருதரம் படித்தான். ராப்டு, ஸ்டீல் இரண்டும் அவனுக்கும் தெரிந்த வார்த்தைகள். வலது பக்கத்தை ஒருதரம் படித்தான்.

“மாமா, இத கொஞ்சம் கேளுங்க. போன், பர்சு, கேமரா, கண்ணாடி. ஒவ்வொண்ணுக்கும் முன்னால திருட்டுன்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த. இந்தாண்ட பக்கம் ரேட்டு. இன்னா போச்சு, எவ்ளோக்குப் போச்சுன்னு எழுதி வெச்சிகீது.”

“அது நான் கேட்ட வார்த்தைங்க மொதலாளி. படிக்க எழுதினது.”

“தொப்பின்னு போட்டுகீதே, அது எவன் தொப்பி?”

“அது கொரங்கு எடுத்துகினு போச்சு.”

கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். குப்பம்மாகூட, சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துவிட்டாள். பார்த்திபன் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்துப் போனில் படம் எடுத்தான். முதலாளிக்கு வேண்டாவைத் தெரியும். சாவி அவளிடம் எத்தனையோ நாள் இருந்திருக்கிறது. அதனாலேயே அவர் குரல் தணிவாக வந்தது.

“இங்கிலீஷ் கத்துக்கணும்னா ஏபிசிடி கத்துக்கம்மா. திருட்டுக்கு ஒனக்கு இத்தினி வார்த்த எதுக்கு?”

வெள்ளைக்காரர்கள் வேறு எதையும் இவ்வளவு விதமாகச் சொல்வதில்லை மொதலாளி, கிடைத்தால் சிரித்துச் சொல்கிறார்கள், போனால் அழுது சொல்கிறார்கள், நான் கேட்டதைத்தானே எழுத முடியும் – இவ்வளவும் அவளுக்குள் ஓடியது. வாயில் வந்தது, “தெரியாம எழுதிட்டேன்” என்பது மட்டும்தான். அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவைத்த முதலாளி, நான்காம் நாள் போன் பண்ணிக் கூப்பிட்டார். பாண்டிச்சேரியிலிருந்து அந்த அம்மாள் கடை நம்பருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தாள். மோதிரம் கிடைத்துவிட்டது. வெயிலுக்குப் பூசும் கிரீமோடு ஒரு மஞ்சள் உறையில் இருந்ததாம். அந்த உறை லாட்ஜிலேயே பெட்டிக்குள் போயிருந்ததாம். மோதிரத்தின் படம், கீழே கும்பிடும் கை இரண்டு.

“நான் அப்பவே சொன்னேன், நம்ம வேண்டா எடுக்காதுன்னு” என்றார் முதலாளி.

அவர் அப்படிச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேண்டா உப்புத்தாளை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

ஆனால் பார்த்திபன் எடுத்த படம் அந்தச் சனிக்கிழமையே கடைக்காரர்கள் குரூப்பில் போய்விட்டது. அங்கிருந்து லாட்ஜ்காரர்களுக்கு, ஆட்டோக்காரர்களுக்கு, வழிகாட்டிகளுக்கு. அவள் பெயரையும் கடையையும் போட்டு, ‘இந்த அம்மாவிடம் உஷார்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். மோதிரம் கிடைத்த செய்தியை முதலாளி ஒருதரம் போட்டார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது அடித்துக்கொண்டு போய்விட்டது. படம் மட்டும் போகவில்லை. ஒருநாள் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்ணின் போனில் தன் கையெழுத்தையே வேண்டா பார்த்தாள். ‘நந்தி’ என்பதில் ‘ந்’ கொஞ்சம் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்திலும் அதற்குத்தான் அடி வாங்குவாள்.

பொங்கலுக்கு மறுநாள் முதலாளி அவளைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“கோவளம் விசயம். ரிசார்ட்டு மேனேசரு அந்தப் படத்தப் பாத்துட்டாரும்மா. நான் எவ்ளோவோ சொன்னேன். வாயத் தொறந்தாலே, வேற ஆளு இல்லியான்றாரு. செங்கல்பட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வருது. துர்காதேவின்னு பேரு. பி.ஏ. இங்கிலீஷு. இன்னா பண்றது, சொல்லு.”

“சரி மொதலாளி.”

“நீ பாட்டுக்கு இங்க இரு. ஒனக்கு எப்பவும் எடம் கீது.”

இருந்தாள், ஒரு மாதம். வழிகாட்டிகள் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும்போது, தார்ப்பாய்க்குப் பத்தடி முன்னால் அவர்கள் காதில் ஏதோ சொல்வார்கள். பைகள் தோளிலிருந்து மார்புக்கு வரும். ஒருவரும் கீழே உட்காரவில்லை. யானைகள் சாம்பல் பூத்தபடியே இருந்தன. விலை கேட்டால் வேண்டா விரலைக் காட்டினாள். பார்கெயின் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வரும்; அதற்கு எதிர்ப்பக்கத்து வார்த்தைகளும் கூடவே வரும். எல்லாவற்றையும் விழுங்கிவிடுவாள். மாசி பிறந்ததும் முதலாளி, “நீயே பாக்கற, வேண்டா” என்றார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அனு யார் யாரிடமோ சொல்லி, மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்கும் வேலை பார்த்துக் கொடுத்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். திங்கள்கிழமை சேர வேண்டியது. வெள்ளிக்கிழமை அவளுக்கு, பார்த்திபன் அன்று வாங்கித் திருப்பிக் கொடுக்காத நோட்டு ஞாபகம் வந்தது. கடைக்குப் போய்க் கேட்டாள்.

பார்த்திபன் தலையைச் சொறிந்தான். “அதுவா? மாமா கோவளத்துக்குக் குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணுக்கு யாவார இங்கிலீஷ் தெரியலன்னு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் எழுதிகீற.”

அப்போதே விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. நீலப் புடவையை உடுத்திக்கொண்டு மறுநாள் கோவளத்துக்குப் பஸ் ஏறினாள். ரிசார்ட் கேட்டில் ஒரு செக்யூரிட்டிப் பெண் பையைத் திறந்து பார்த்து, பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டாள்.

கடை சின்னதுதான். கண்ணாடிக் கதவு, சில்லென்ற காற்று, கறுப்பு மெத்தை வைத்த நாற்காலி. ஓரத்தில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர், அழகாக நறுக்கி அடுக்கிய உப்புத்தாள், பாதி இழைத்த யானைகள். துர்காதேவிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வேண்டாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“இது ஒங்க நோட்டாக்கா? சாரு கடை நோட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. காலேஜ்ல கூட இதெல்லாம் சொல்லித் தரலக்கா. வர்றவங்க பேசறது அப்டியே கீது இதுல.”

நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் சரியான இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள் துர்காதேவி. வேண்டா புரட்டினாள். கல், நிறம், வயிற்றுக்கோளாறு. தன் வார்த்தைகள் புது எழுத்தில் முறுக்காக நின்றன. அவளால் எழுத்துக் கூட்டிப் பாதிதான் படிக்க முடிந்தது. நடுவில் இரண்டு பக்கத்தையும் கிழித்திருந்தார்கள்.

“அது நான் வர்றதுக்கு முன்னயே இல்லக்கா” என்றாள் துர்காதேவி. பிறகு தயங்கிச் சொன்னாள். “எடுத்துகினு போங்கக்கா. நான் போட்டோ எடுத்து வெச்சிக்கறேன்.”

நோட்டு வேண்டாவின் கையில் இருந்தது. பைக்குள் வைக்கப் பையின் வாயை விரித்தாள். அப்போதுதான் கேட் ஞாபகம் வந்தது. வரும்போது பையில் சாப்பாட்டு டப்பாவும் துண்டும் சில்லறையும்தான் இருந்தன. அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். போகும்போது கடை நோட்டு ஒன்று இருக்கும். எங்கிருந்து என்று கேட்பாள். எழுதி வைத்த பெயரைப் பார்ப்பாள். யாராவது ஒருவர் போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடுவார்.

“நீயே வெச்சிக்கம்மா” என்றாள்.

“ஒங்களுதாச்சேக்கா.”

“பரவால்ல.”

தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு யானை பாதி பச்சையாகக் கிடந்தது. காலையில் யாரோ தேய்த்துவிட்டு வாங்காமல் போயிருந்தார்கள். வேண்டா உட்காராமலே அதைக் கையில் எடுத்தாள். காதுக்குப் பின்னால் இன்னும் சொரசொரப்பு இருந்தது. “காது மடிப்புல தாள மடிச்சுத் தேய்க்கச் சொல்லு. அங்க கலர் வந்தாத்தான் வாங்குவாங்க” என்றாள். துர்காதேவி அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

கேட்டில் செக்யூரிட்டிப் பெண் கையை நீட்டினாள். “பையத் தொறம்மா.”

வேண்டா திறந்தாள். டப்பா, துண்டு, சில்லறை. அந்தப் பெண் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். டப்பா காலியாக இருந்தது.

“ஒண்ணும் வாங்கலியா?” என்றாள்.

வேண்டா தலையை ஆட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றாள்.